விளாம்பழக் கோடியல்: குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே கெடாமல் வைக்க

வன்னியில் மீள்குடியேறிய பல வளவுகளில் வீடு அழிந்திருந்தாலும் விளாத்தி நிற்கிறது. பருவத்தில் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பழம் இருப்பதால் சந்தையில் விலை கிடைப்பதில்லை. மிச்சம் மண்ணோடு போகிறது. கோடியலாக்கிப் போத்தலில் அடைத்தால் சில மாதங்கள் வைத்து விற்கலாம்.

பழம் பொறுக்கும் இடம்தான் முதலாவது பாடம். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காட்டுக்கோ கைவிடப்பட்ட வளவுக்கோ போக வேண்டாம். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எவ்வளவு பழம் கிடந்தாலும் அது உங்களுக்குரியதல்ல. பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். சந்தேகமிருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

பழத்தை ஒரு சாண் உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போட்டுப் பாருங்கள். துள்ளினால் காய், துள்ளாமல் விழுந்தால் பழம். வெடித்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் ஒதுக்குங்கள்.

சதையைக் கொதித்தாறிய நீர் விட்டுப் பிசைந்து, விதையும் நாரும் போக வடியுங்கள். வடித்த கூழ் 1 லீற்றருக்கு சீனி ஒன்றேகால் கிலோ, தண்ணீர் முக்கால் லீற்றர், 3 அல்லது 4 தேசிக்காய்ச் சாறு. சீனியையும் தண்ணீரையும் காய்ச்சி வடித்த பின்பே கூழையும் சாற்றையும் சேர்க்க வேண்டும். அலுமினியச் சட்டி கூடாது. புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. கிளறியபடி சூடாக்கி, கொதி தொடங்கும் தறுவாயில் 5 நிமிடம் வைத்திருங்கள். வெப்பமானி இருந்தால் 85 முதல் 90 பாகை செல்சியஸ்.

கெடாமல் காப்பது சீனி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். புளிப்பு, சூடு, சுத்தமான போத்தல் ஆகிய மூன்றும் சேர வேண்டும். ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி, அமிலத்தன்மை பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் வளராது; விளாம்பழத்தின் இயல்பான புளிப்பு இதற்குப் போதும். மிச்சமுள்ள மதுவங்களையும் பூஞ்சணங்களையும் சூடு கொல்கிறது. பாலைப்பழம் அப்படியல்ல. இனிப்பு மட்டுமே, புளிப்பு மிகக் குறைவு. அதன் சாற்றைத் தனியே போத்தலில் அடைக்காதீர்கள்; பச்சையாகச் சாப்பிடுங்கள், அல்லது காயவையுங்கள். (அந்தப் பருவத்தில் பாலை மரத்தடிக்குக் கரடியும் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.)

கண்ணாடிப் போத்தல்களையும் மூடிகளையும் 20 நிமிடம் அவித்து, சூடு ஆறுமுன் கோடியலைச் சூடாகவே ஊற்றுங்கள். ஆறிய போத்தல் வெடிக்கும். மூடியை இறுக்கி, 3 நிமிடம் தலைகீழாக வைத்தால் மூடியின் உட்புறமும் சுத்தமாகும். வெறும் சாராயப் போத்தல் நன்றாகக் கழுவினால் உதவும்; மண்ணெண்ணெய், கிருமிநாசினி இருந்த போத்தல் எந்தக் கழுவலுக்கும் சரிவராது. பிளாஸ்ரிக் போத்தல் சூட்டில் நெளியும்.

குடிக்கும்போது ஒரு பங்கு கோடியலுக்கு மூன்று பங்கு கொதித்தாறிய நீர் சேருங்கள். சீனி அதிகம் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. சத்தான பானம் என்று அவர்களிடம் விற்பது நியாயமில்லை.

விற்க விரும்பினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே சந்தியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டு உற்பத்திக்கும் பொருந்தும். பெயர், சேர்பொருட்கள், அளவு, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவற்றை லேபலில் எழுதுங்கள். ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு போத்தலை விற்காமல் நிழலில் வைத்துக் கவனியுங்கள். அதில் நுரை கட்டினாலோ, மூடி உப்பினாலோ, அதே நாளில் காய்ச்சியவை எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துக் கொட்டிவிடுங்கள்.