சுவரை மூடும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

லண்டனின் வடமேற்கே, ஹரோவில் எங்கள் வீடு. பக்கத்தில் தனியாக ஒரு செங்கல் கராஜ். இங்கே பல தமிழ் வீடுகளில் இருப்பது போல, கார் தெருவில் நிற்கும். கராஜுக்குள் அரிசி மூட்டை, விசேஷங்களுக்கு எடுக்கும் அண்டாக்கள், மீனும் முருங்கைக்காயும் உறைந்து கிடக்கும் பெரிய ஃப்ரீசர். மகள் மிருதங்கம் பழகத் தொடங்கியபோதுதான் அந்த இடத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். எங்களுடையது ஒட்டு வீடு. அடுத்த பக்கத்தில் கைக்குழந்தை. கராஜின் உட்சுவருக்குப் பலகை அடித்துவிட்டால் பிள்ளை அங்கே இருந்து வாசிக்கலாம் என்று தோன்றியது.

முதல் தடவை செய்த வேலை இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. ஊரில் சிலாகை என்போமே, அப்படியான மெல்லிய மரச்சட்டங்களைச் செங்கல்லோடு ஒட்ட அறைந்தேன். இடையில் நுரைப்பலகை வைத்தேன். மேலே பிளாஸ்டர்போர்ட் அடித்து வெள்ளை பெயிண்ட் பூசினேன். அது செப்டெம்பர் மாதம். சுவர் தொட்டால் காய்ந்திருந்தது, அதனால் வேறெதையும் யோசிக்கவில்லை.

பெப்ரவரியில் மகள்தான் முதலில் சொன்னாள், மிருதங்கம் சுருதியில் நிற்கவில்லை என்று. வாரைத் தட்டிச் சேர்த்து வைத்தால் மறுநாள் மறுபடி இறங்கியிருக்கும். தோல் ஈரத்தை இழுக்கிறது என்பது அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிறகு வாசனை வந்தது. ஒரு சனிக்கிழமை கீழ்மூலைப் பலகையைக் கழற்றினேன். அதன் பின்தாள் முழுக்கக் கருப்பு வட்டம் வட்டமாகப் பூஞ்சணம். பெருவிரலால் அழுத்தினால் நனைந்த சுண்ணக்கட்டி போல உள்ளே போனது. சிலாகையின் அடிமுனை பஞ்சாகியிருந்தது. ஸ்க்ரூக்களிலிருந்து துரு வழிந்து, செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஐந்தே மாதம்.

கட்டட வேலையில் பல வருடம் இருந்த அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நேரே வெளியே போய்விட்டார்.

“தம்பி, உள்ளுக்க நிண்டு என்ன பாக்கிறீர்? தண்ணி வெளியில இருந்தெல்லோ வருது. இஞ்ச வாரும்” என்றார்.

வெளியே அவர் காட்டியவை மூன்று. கூரைப் பீலியின் ஒரு மூட்டு ஒழுகி, அதன் கீழே சுவரில் பாசி பிடித்திருந்தது. மழை அடிக்கும் மேற்குப் பக்கத்தில் செங்கல்களுக்கு இடையிலிருந்த சாந்து உதிர்ந்து விரல்நகம் போகுமளவுக்குப் பள்ளம். சுவரடியில் நான் பூக்கன்றுக்கென்று கொட்டிய மண், ஈரத்தடுப்புப் படைக்கு மேலே ஏறி நின்றது. தரையீரம் சுவரில் ஏறாமல் தடுக்க அடியில் வைக்கும் அந்தப் படையை இங்கே டிபிசி என்பார்கள். வெளித்தரை அதிலிருந்து குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும்.

அடிப்படை விஷயம் இதுதான். இங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் இரண்டு அடுக்காக, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை. வெளியடுக்கு நனைந்தாலும் ஈரம் இடைவெளியோடு நின்றுவிடும். கராஜ் சுவரோ பெரும்பாலும் ஒற்றைச் செங்கல். 102.5 மி.மீ. தடிப்பு, அவ்வளவுதான். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை சாந்துக்கூடாக உள்ளே வரத்தான் செய்யும். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவரை வெயில் வந்து காயவைத்துவிடும். இங்கே நவம்பரில் நனைந்த சுவர் மார்ச் வரை அப்படியே நிற்கும். காற்றுப் பட்டால்தான் காயும். அந்தக் காற்றையும் நான் பலகை அடித்து அடைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து வரும் ஈரம் வேறு. மூச்சுக் காற்றிலும், ஹீட்டர் போட்ட அறையின் காற்றிலும் நீராவி இருக்கிறது. அது பலகை இடுக்கால் போய்க் குளிர்ந்த செங்கல்லைத் தொட்டதும் நீராகிவிடும். உங்கள் சுவரில் எந்த ஈரம் என்று அறிய அண்ணை சொன்ன வழி சுலபமானது. ஒரு சதுரப் பொலித்தீன் துண்டை வெறும் செங்கல்லில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் அறைப்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்கூடாக வருகிறது. எனக்கு இரண்டு பக்கமும் நனைந்தது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். பீலியை மாற்றினேன். உதிர்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பினேன். மண்ணை வெட்டி இறக்கினேன். பிறகு வெளிச்சுவருக்கு நீர் ஒட்டாத கிரீம் பூசினேன். பூசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற விடும் வகையாக அது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தோல் போலப் படியும் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சாந்து பார்க்காமல் கிரீம் மட்டும் பூசுவதும் வீண். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரை வெறுமனே விட்டுப் பார்த்தேன். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். எனக்குக் கடினமாக இருந்ததும் இதுதான்.

இரண்டாம் தடவை சுவரில் ஒரு ஆணிகூட அறையவில்லை. 38க்கு 63 மி.மீ. மரத்தில் சட்டகம் செய்து, செங்கல்லிலிருந்து 50 மி.மீ. தள்ளித் தனியாக நிறுத்தினேன். கீழே தரையோடும் மேலே கூரை மரங்களோடும் மட்டும் பிணைப்பு. அடிச்சட்டத்துக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையே ஒரு டிபிசிப் பட்டி. சுவரில் இருந்த காற்றுச் செங்கல்களை அடைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் காற்று ஓடவேண்டும். இடம் போகும் என்பதை முதலே அளந்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 28 செ.மீ. போனது. கார் விட நினைப்பவர் இதைச் செய்தால் பிறகு கதவைத் திறந்து இறங்க முடியாது.

நுரைப்பலகை குளிரைத் தடுக்கும், சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. வாத்தியத்துக்கென்றால் கனிமப் பஞ்சுதான் நல்லது. பஞ்சின் செங்கல் பக்கத்தில் ஆவி வெளியேற விடும் மென்படலம், அறைப்பக்கத்தில் ஆவியைத் தடுக்கும் பொலித்தீன். இந்த ஒழுங்கு மாறினால் ஈரம் பஞ்சுக்குள் தங்கிவிடும். பொலித்தீனின் மூட்டுகள், மின்பெட்டியைச் சுற்றிய வெட்டுகள் எல்லாவற்றுக்கும் டேப் போடுங்கள். நான் ஒரு முழு மாலைப்பொழுதை டேப்போடு மட்டும் கழித்தேன்.

பிளாஸ்டர்போர்ட் இங்கே 2400க்கு 1200 மி.மீ. அளவில் வரும். அதனால் சட்டங்களை 600 அல்லது 400 மி.மீ. தூரத்தில் நிறுத்தினால் மூட்டு சரியாக மரத்தில் வந்து உட்காரும். சத்தத்துக்காக 12.5 மி.மீ. பலகை இரண்டு அடுக்கு, மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல். தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி அடியுங்கள். தரை நனைந்தாலும் பலகை உறிஞ்சாது. ஸ்க்ரூவின் தலை தாளைக் கிழிக்கக் கூடாது. அண்டா வைக்கத் தட்டு அடிக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் 18 மி.மீ. ஓஎஸ்பி பலகை போட்டேன். அதில் எங்கே வேண்டுமானாலும் ஸ்க்ரூ பிடிக்கும்.

பழைய கராஜ் என்றால் கூரைத் தகட்டைத் துளையிடும் முன் நிறுத்துங்கள். பிரிட்டனில் அஸ்பெஸ்டாஸ் முற்றாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முன் கட்டியதானால் சோதித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். புதிய மின்னிணைப்பைத் தகுதியுள்ள மின்வினைஞரிடம் விடுங்கள். படுக்கையறை போல வசிக்கும் அறையாக்குவதென்றால் கட்டட ஒழுங்குவிதி அனுமதி வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் நடுச்சுவர் தீயை அரைமணி நேரம் தாங்க வேண்டும். அதை வெட்டித் துளையிடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று குளிர்காலம் போய்விட்டது. மேற்குச் சுவரின் கீழ்மூலையில் ஒரு சிறு பலகையை மட்டும் பூசி மூடாமல் நான்கு ஸ்க்ரூவில் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெப்ரவரியும் அதைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன். இந்த வருடமும் மரம் காய்ந்தே இருந்தது. நீங்களும் உங்கள் சுவரில் மழை அடிக்கும் மூலையில் அப்படி ஒரு பலகை விட்டு வையுங்கள்.