கையிருப்பு யாருடைய பணம்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2024 செப்டம்பரில் நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியதே, அதில் ஒரு பங்கை எடுத்துப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூரை ஒழுகும் வகுப்பறையைப் பார்த்தவர் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதே என் பதில்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறது. வந்த டாலரை வங்கியில் கொடுத்து ரூபாயாக மாற்றித்தான் தையல்காரருக்குக் கூலியும் நூலுக்குப் பாக்கியும் கொடுக்க முடியும். வங்கி அந்த டாலரை ரிசர்வ் வங்கியிடம் விற்கும்போது ரிசர்வ் வங்கி புதிதாக ரூபாயை உருவாக்கிக் கொடுக்கிறது. டாலர் கையிருப்பில் சேர்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டு அரசுகளின் கடன் பத்திரங்களாக இருக்கிறது. அதற்கு ஈடான ரூபாய் ஏற்கெனவே நாட்டுக்குள் செலவாகிவிட்டது. அதே டாலரைக் காட்டி அரசு இன்னொரு முறை ரூபாய் வாங்கிச் செலவு செய்தால் ஒரே வரவுக்கு இரண்டு செலவு. விலைவாசிதான் ஏறும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாம் பெரும்பாலான ஆண்டுகளில் வெளிநாட்டில் சம்பாதிப்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும் நாடு. அப்படியும் கையிருப்பு வளர்கிறதென்றால், பங்குச் சந்தைக்கு வந்த வெளிநாட்டு முதலீடு, கம்பெனிகள் வாங்கிய கடன், வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புத்தொகை எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்று பொருள். அதில் கணிசமான பகுதி, போட்டவர்கள் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய பணம்.

அப்படிக் கேட்ட நாளும் வந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை எகிறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைப்புகளை எடுக்கத் தொடங்கினார்கள். 1991 நடுவில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கம், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. அதுவும் போதவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் சுமார் 47 டன், பம்பாயிலிருந்து விமானத்தில் லண்டனுக்குப் போனது. தங்கம் இந்தியாவில் இருந்தால் கடன் இல்லை என்று கைவிரித்தவர்கள், அது தங்கள் காவலுக்கு வந்த பிறகே 40 கோடி டாலர் தந்தார்கள். அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் தமிழரான எஸ். வெங்கிடரமணன். அந்த முடிவுக்காக அவர்மேல் விழுந்த வசையை நான் ஏற்கவில்லை. கடனைத் தவணை தவறாமல் கட்ட வேறு வழி இல்லை. நாடு தவறவும் இல்லை.

பக்கத்திலேயே இலங்கை. 2022 ஏப்ரலில் அங்கே கணக்கில் சுமார் 180 கோடி டாலர் கையிருப்பு இருந்தது. அதில் ஏறக்குறைய 150 கோடி, சீன மத்திய வங்கியுடன் செய்த நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. நிபந்தனை காரணமாக எடுத்துச் செலவழிக்க முடியாதது. எடுத்து நீட்டக்கூடியது 5 கோடி டாலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் அலி சப்ரி மே மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிபொருள் கப்பல்கள் கொழும்புக் கடலில் பணத்துக்காகக் காத்து நின்றன. காகிதம் வாங்க டாலர் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. கையிருப்பு கரைந்தபோது முதலில் அடி விழுந்தது, நீங்கள் கவலைப்படும் அதே பிள்ளைகள்மேல்தான்.

பள்ளிக்கூடம் வரிப்பணத்தில் கட்டப்பட வேண்டும். அதற்காகச் சட்டமன்ற உறுப்பினரை விடாமல் கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமைதோறும் ரிசர்வ் வங்கி வெளியிடும் கையிருப்புக் கணக்கில் மொத்தத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். அந்நிய நாணயம் எவ்வளவு, தங்கம் எவ்வளவு, அந்தத் தங்கத்தில் நாட்டுக்குள் இருப்பது எவ்வளவு, ஓராண்டுக்குள் நாம் கட்ட வேண்டிய வெளிக்கடன் எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்