பனிக்காலமும் கரிச்சட்டியும்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். உதகமண்டலத்துப் பள்ளங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெண்மையாகத் தோன்றும். அங்கத்தினர்கள் இக்காலத்தில் கதவிடுக்குகளையும் சுவர் வெடிப்புகளையும் கோணியாலும் களிமண்ணாலும் அடைத்துக்கொள்வது நன்றே. அடைத்தபின் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு உறங்குவதோ பேரபாயம்.

புகையின்றிக் கனிந்த கரி தீங்கற்றதென்று பலர் எண்ணுகின்றனர். தணிக்கைக்குச் சென்றவிடத்தில் எனக்கே அவ்வாறு சட்டியொன்றை உபசாரமாக வைத்தார்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் கரி முற்றும் எரியாமல் கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி ஆகியவை அறிகுறிகள். உறங்குவோனுக்கு அவையும் தெரியா. அறையில் தண்ணீர் வைப்பதால் யாதொரு பயனுமில்லை.

ஆகவே, திறந்த வெளியிலேயே குளிர்காய்க. நீறு பூத்த கரியும் உள்ளே வரலாகாது. தரையே உடற்சூட்டை மிகுதியும் வாங்குவதால், உலர்ந்த புல்லைப் பரப்பி, அதன்மேல் பாயும் கம்பளியும் விரித்துப் படுக்க. உற்பத்திக்கல்லாத கடனை நான் ஆதரிப்பவனல்லேன். கம்பளிக் கடனுக்கு மட்டும் தடை சொல்லேன்.

எவரேனும் மயங்கிக் கிடந்தால், கதவுகளைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. தெளிந்துவிட்டாரெனினும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.