பாதி மாத்திரை போதுமா?

முன்பு மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வீட்டில் மிச்சம் இருக்கின்றனவா? அடுத்த முறை இருமல் வந்தால் அதில் பாதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? அதற்கு முன் இதைப் படியுங்கள்.

நாம் இழுக்கும் மூச்சோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள சளி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அங்குள்ள உயிரணுக்களின் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. ஆகவே, ஒரு கிருமி நோயை உண்டாக்க வேண்டுமானால் முதலில் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். நுரையீரலைத் தாக்கும் ‘சூடோமோனாஸ்’ பாக்டீரியா, ‘பிலி’ எனப்படும் மெல்லிய இழைகளைக் கொண்டு உயிரணுக்களைப் பற்றிக்கொள்கிறது.

கிருமியின் வளர்ச்சியை நிறுத்த ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்கும் குறைவாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமி சாகாது. ஆனால் அதன் நடத்தை மாறும். எப்படி மாறும் என்பது மருந்தைப் பொறுத்தது.

அசித்ரோமைசின், குறைந்த அளவில் சூடோமோனாஸைக் கொல்வதில்லை. ஆனாலும், கிருமிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ரசாயனச் சைகைகளை அது குறைக்கிறது. அவை ஒட்டும் திறனும் குறைகிறது. இதே வகையைச் சேர்ந்த எரித்ரோமைசினை, நுரையீரலின் சிறு குழாய்களைத் தாக்கும் ஒரு நாள்பட்ட நோய்க்கு ஜப்பானிய மருத்துவர்கள் 1980களில் குறைந்த அளவில் பல மாதங்களுக்குக் கொடுத்தார்கள். உயிர் பிழைப்போரின் விகிதம் வெகுவாக உயர்ந்தது. அழற்சியை இம்மருந்து தணிப்பதும் அதற்கு முக்கியக் காரணம்.

டோப்ராமைசின் கதை நேர்மாறானது. கொல்லாத அளவில் அதைக் கொடுத்தபோது, சூடோமோனாஸ் கிருமிகள் முன்பைவிட அதிகமாக ஒன்றுசேர்ந்து, பிசுபிசுப்பான படலத்தை அமைத்துக்கொண்டன. 2005இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இது வெளியானது. அப்படலத்துக்குள் பதுங்கிய கிருமிகளை மருந்தால் அழிப்பது கடினம்.

ஆக, குறைந்த மருந்து என்பது வெறும் பலவீனமான மருந்து அல்ல. அது ஒரு கிருமியின் பிடியைத் தளர்த்தலாம், இறுக்கவும் செய்யலாம். எது நடக்கும் என்பதை வீட்டில் இருந்தபடி நாம் கணிக்க முடியாது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபெல் உரையிலேயே குறைந்த அளவில் மருந்து எடுப்பதன் ஆபத்தை எச்சரித்தார்: அது கிருமிகளுக்கு எதிர்ப்புத் திறனைப் பழக்கிவிடும்.

சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. எனவே, மிச்ச மாத்திரைகளை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.