தசை பேசும் மின்சாரம்

மனித உடம்பும் ஒரு மின் நிலையம்தான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். பைகாராவும் குந்தாவும் உள்ள மலையில் வளர்ந்த நமக்கு மின்சாரம் என்றாலே ராட்சதக் குழாயும் டர்பைனும் டவர் லைனும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்த மலரைப் பிடித்திருக்கும் உங்கள் கையிலும் இப்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நான் படித்தறிந்ததை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்னல் பிறக்கும் இடம்

மூளையின் உத்தரவு நரம்பு வழியாக வந்ததும் தசை நார்களின் மேல் ஒரு சிறு மின் அலை ஓடுகிறது. அதன் பிறகே தசை சுருங்குகிறது. மனிதன் கையை இறுக்கும்போது இந்த மின்சாரம் உண்டாவதை 1849-ல் ஜெர்மனியின் டு புவா ரேமோன் என்ற விஞ்ஞானி பதிவு செய்தார். இம்முறைக்கு எலக்ட்ரோமயோகிராபி, சுருக்கமாக இ.எம்.ஜி. என்று பெயர்.

இடது கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக் கொண்டு வலது கை விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை புடைப்பது தெரியும். விரலை இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. ஆகவே மணிக்கட்டோடு கை போனாலும் தசையும் நரம்பும் பெரும்பாலும் மிஞ்சுகின்றன.

இது எனக்குப் புத்தகத்தைப் படிக்கும் முன்பே தெரியும். என் சித்தப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரி ரோலரில் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. "விரலை மடக்கறேன், தொட்டுப் பாரு பாப்பா" என்பார். தொட்டால் தசை துள்ளும். அவருக்குக் கிடைத்த ரப்பர் கை பார்க்க அழகு. ஆனால் எதையும் பிடிக்காது. அது சுவரில் ஆணியில் தொங்குகிறது.

இரைச்சலைக் கழிக்கும் வித்தை

தோலின் மேல் கிடைக்கும் சிக்னல் அதிகபட்சம் சில மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல்லோ 1500 மில்லிவோல்ட்! போதாக்குறைக்கு வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் உடம்பு ஏரியல் போல வாங்கிக் கொள்கிறது. தசை சிக்னல் இருப்பது சுமார் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. அதாவது இரைச்சல் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் நாம் படித்த டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் கை கொடுக்கிறது. தசை மேல் சுமார் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடுகள். மூன்றாவது முழங்கை எலும்பின் மேல். இரைச்சல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. கழித்தால் போய்விடும். தசை சிக்னல் இரண்டிலும் வேறுபடுவதால் மிஞ்சும். அதை 1000 மடங்கு பெருக்கினால் 1 மில்லிவோல்ட் 1 வோல்ட் ஆகிவிடும். பிறகு ரெக்டிஃபயர், ஃபில்டர், கம்பேரட்டர், கடைசியில் மோட்டார். விரல் மடக்கும் தசை இறுகினால் செயற்கைக் கை மூடும். நீட்டும் தசை இறுகினால் திறக்கும்.

1940-களிலேயே ஜெர்மனியில் ரைட்டர் என்பவர் இப்படி ஒரு கை செய்தார். வால்வு காலமாதலால் அதை மேசையோடுதான் வைத்திருக்க முடிந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் 1960-ல் சோவியத் விஞ்ஞானிகள் உடம்பில் அணியும் கையைக் காட்டினார்கள்.

ஓர் எச்சரிக்கை: செய்து பார்க்கிறவர்கள் பேட்டரியை மட்டும் பயன்படுத்துங்கள். மெயின்ஸில் இணைத்த எதையும் உடம்பில் ஒட்டுவது உயிருக்கு ஆபத்து.

மருத்துவத்தில் இதன் பயன்

நரம்பு எங்கே பழுதாகியிருக்கிறது, எந்தத் தசைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதை டாக்டர்கள் இ.எம்.ஜி. மூலம் அறிகிறார்கள். தசை களைத்தால் சிக்னலின் அதிர்வெண் குறைவதால் களைப்பையும் அளக்கலாம். நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு "தோள் விட்டுப் போகுது" என்கிறாள் என் அம்மா. அந்தக் களைப்பையும் கிராஃபில் காட்ட முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

செயலற்ற கைக்கு வழி தேடுவது நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் விரல் மடங்கிப் போனவர்களுக்கு, நல்ல தசையின் தசைநாணை எடுத்து விரலோடு இணைத்தார். வேறு வேலை செய்த தசை பயிற்சியால் விரலை அசைக்கக் கற்றுக்கொண்டது. இன்று அங்கே பயோ-இன்ஜினியரிங் என்று தனித் துறையே இருக்கிறது.

நமக்கு என்ன வேலை?

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மழையில நனைஞ்சா ஓடுமா? கெட்டா யார் ரிப்பேர் பண்ணுவா?"

நியாயமான கேள்வி. ஊட்டிப் பனியில் தோல் காய்ந்தால் எலக்ட்ரோடு சரியாகப் பேசாது. வேர்த்தாலும் சிக்னல் மாறும். வெளிநாட்டுக் கை லட்சக்கணக்கில் விலை. மண் வெட்டவும் சுமை தூக்கவும் தோள்பட்டை கேபிளில் இயங்கும் சாதாரணக் கொக்கியே சில சமயம் மேல். ஆக, கைக்குரியவர் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும், சர்க்யூட் அப்புறம்தான்.

செல் சார்ஜ் நிற்கிறதா, ஒயர் எங்கே அறுந்தது, மழைக்கு எப்படி மூடுவது என்பவை டிப்ளமோ படித்தவர்களின் வேலை. நம் கையில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன. இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் நண்பர்களே, இதையும் ஒருமுறை யோசியுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு