வான்கோழியை அழைக்கும் உராய்வுக் கருவிகள்: தேர்வும் பராமரிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிக் காடுகளில் வசந்தகாலம் பிறந்துவிட்டால், பொழுது புலர்வதற்கு முன்பே மரத்தடியில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டைக் காட்டு வான்கோழியின் குரலைக் கைக்கருவி ஒன்றினால் எழுப்பி, சேவலைத் தம் பக்கம் வரவழைக்க முயலும் வேட்டைக்காரர்களைக் காணலாம். துரத்திப் பிடிக்கும் வேட்டையன்று இது. அழைத்துவிட்டுக் காத்திருக்கும் வேட்டை. ஆகவே காரியம் ஜயமாவதும் வீணாவதும் பெரும்பாலும் அழைக்கும் கருவியின் குணதோஷங்களைப் பொறுத்தே அமைகிறது. வாயில் அடக்கி ஊதும் கருவிகள் வசப்படுவதற்கு நெடுநாள் சாதகம் வேண்டியிருப்பதால், புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் உராய்வினால் ஒலிக்கும் கருவிகளையே முதலில் நாடுகிறார்கள். அவற்றுள் எதை வாங்குவது என்று திகைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: விலையையும் மரவேலைப்பாட்டின் அழகையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எந்தப் பரப்பை இடைவிடாமல் பேணிவரத் தமக்குப் பொறுமை உண்டு என்பதையும், தாம் போகும் காட்டில் ஈரம் எவ்வளவு என்பதையும் முதலில் ஆலோசிக்க வேண்டும்.

இக்கருவிகள் யாவும் ஒரே தத்துவத்தின்மேல் நிற்கின்றன. பிடில் வித்வானின் வில் தந்தியைப் பற்றி இழுப்பதும், தாங்காமல் நழுவவிடுவதும், மறுகணமே மீண்டும் பற்றுவதுமாக நாதம் பிறக்கிறதல்லவா? அவ்விதமே இங்கும் ஒரு பரப்பு மற்றொன்றைப் பற்றியும் நழுவியும் அதிர்கிறது. பற்றும் சக்தி குன்றினால் குரல் கீச்சிடும். முற்றிலும் போனால் ஒலியே எழாது. அந்தச் சக்தியைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது நம் விரல்களின் எண்ணெய்ப் பசை. உராயும் இடத்தை ஒருபோதும் விரலால் தொடலாகாது என்ற விதி எல்லாக் கருவிகளுக்கும் பொது.

முதலில் பெட்டிக் கருவி. மெல்லிய பக்கப் பலகைகளும், ஒரு முனையில் திருகாணியால் பொருத்திய நீண்ட மூடியும் கொண்ட இந்த மரப்பெட்டிக்கு, 1897-ஆம் ஆண்டு ஆர்க்கன்சாவின் டார்டனெல் நகரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் காப்புரிமை பெற்றார். மூடியைப் பக்கப் பலகையின் விளிம்பில் இழுத்தால் பெட்டையின் குரல், முதலில் உயர்ந்தும் பிறகு தாழ்ந்தும், கணீரென்று தொலைவுவரை கேட்கும். கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சுலபமானது வேறில்லை. இதன் பராமரிப்பில் உபயோகிக்கும் சாக்குக்கட்டிதான் முக்கியம். எண்ணெயோ மெழுகோ கலவாத சாக்கை மூடியின் அடிப்புறத்தில் மட்டும் இலேசாகப் பூச வேண்டும். வேறு கலப்புள்ள சாக்கு மரத்தில் பிசுக்காகப் படிந்துவிடும். பழைய பூச்சு பளபளத்துப் போனால், பாத்திரம் துலக்கும் பச்சை நாரினால் மெல்லத் தேய்த்து நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசலாம். உப்புத்தாளைக் கொண்டு விளிம்புகளைத் தேய்ப்பது மட்டும் மகா பாதகம். கைவினைஞர் செதுக்கிச் செதுக்கி அமைத்த ஸ்வரம் அதோடு போயிற்று. திருகாணியையும் காரணமின்றித் தொடக் கூடாது.

மரத்துக்கு ஈரம் பகை. தூறலில் பெட்டியை ரொட்டி வரும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையோடு சேர்த்தே இயக்குகிறவர்கள் உண்டு. நல்ல யுக்திதான் என்றாலும், நாள் முழுவதும் பெய்யும் மழைக்கு அது ஈடுகொடுக்காது. நடக்கும்போது பெட்டி தானாகக் கத்திவிடாதபடி ஒரு ரப்பர் வளையமும், மூடிக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு துணித் துண்டும் அவசியம்.

அடுத்தது சிமிழ்க் கருவி. வட்டமான சிமிழின் மேல் சிலேட்டோ கண்ணாடியோ உலோகமோ ஒரு தகடாகப் பதிந்திருக்கும். உள்ளே ஒலிப்பலகை ஒன்று, அடியில் துளைகள். பேனாவைப் பிடிப்பதுபோல் ஒரு கோலைப் பிடித்து, நுனி பரப்பைவிட்டு எழும்பாமல் சிறு நீள்வட்டங்களாக உரச வேண்டும். நம் பள்ளிக்கூடத்துச் சிலேட்டின் கல்லே இதில் வருகிறது. மிருதுவான கல்லாதலால் இதைப் பக்குவப்படுத்துவதும் எளிது: அந்தப் பச்சை நாரை, பரப்பின் ஓரிடத்தில், ஒரே திசையில் சில தடவை ஓட்டினால், கரியதாய் மினுங்கிய இடம் சாம்பல் பூத்து மங்கும்; கிளம்பிய தூளை வாயால் ஊதாமல் சிமிழைக் கவிழ்த்துத் தட்டிவிட வேண்டும், ஏனெனில் மூச்சின் ஈரமும் ஈரமே. பிறகு தேய்த்த கோடுகளுக்குக் குறுக்காகக் கோலை ஓட்டிப் பார்த்தால், பெட்டை தன் குஞ்சுகளிடம் முனகுவது போன்ற அந்த மெல்லிய உருட்டொலி, பெட்டிக் கருவியினால் எளிதில் வாராத அந்த அந்தரங்கக் குரல், தடையின்றி எழும். விடியலில் சேவல் இன்னும் மரக்கிளையில் இருக்கையிலும், நெருங்கி வந்து தயங்குகையிலும் வேண்டுவது இக்குரலே. சிலேட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் நனைந்த சிலேட்டு ஊமை. அங்கேதான் கண்ணாடியின் பெருமை. அதை நார் ஒன்றும் செய்யாது. 80 அல்லது 100-ஆம் நம்பர் உப்புத்தாளோ, இதற்கென விற்கும் சொரசொரப்பான கல்லோ கொண்டு அழுத்தித் தேய்த்துப் பளபளப்பைப் போக்க வேண்டும். உழைப்பு அதிகம், தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யவும் வேண்டும்; பலனாகக் கூர்மையான, தூரம் செல்லும் குரல் கிடைக்கிறது. கார்பன் அல்லது அக்ரிலிக் கோலோடு சேர்த்தால் ஈரத்திலும் ஓரளவு பேசும். அலுமினியம் இன்னும் உரத்தது. காற்றடிக்கும் நாளில் மலைச்சரிவின் அப்பாலுள்ள சேவலுக்கும் எட்டும், ஆயினும் அருகில் வந்த பறவைக்கு அதன் கீச்சுக் குரல் கடூரமே.

ஒரு விரலால் தள்ளி ஒலிக்கும் சிறு பெட்டிகளும் உண்டு. சிறுவர்களுக்கும், துப்பாக்கியில் ஒரு கை இருக்கையில் கடைசி நிமிஷத்துக்கும் அவை பயன்படும். மற்றபடி அவற்றில் குரல் வகை குறைவு.

கோலைப் பற்றிக் கடைகளில் யாரும் விரித்துச் சொல்வதில்லை. அதுவோ பாதிக் கருவி. ஹிக்கரி மரக்கோல் சிலேட்டில் தரும் கனத்த குரலை, அடர்த்தியான பர்ப்பிள்ஹார்ட் கோல் அதே கல்லில் தராது. மெலிந்து உயர்ந்த வேறொரு பெட்டையே அங்கே பேசும். ஆகவே ஒரு சிமிழுக்கு இரண்டு மூன்று கோல்கள் வாங்குவது, இரண்டாவது சிமிழ் வாங்குவதைவிட மேலான செலவு. உரசி உரசி நுனியில் கல்தூள் படிந்து கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கினால், நுண்ணிய உப்புத்தாளில் இலேசாகத் துடைத்தாற் போதும். நுனியின் வட்டவடிவம் மாறும்படி தேய்த்தால் அந்தக் கோல் பழைய குரலை மீட்டுத் தராது.

மழை குறைந்த, இலையடர்ந்த, சேவல்கள் அருகாமையில் திரியும் காட்டுக்குச் சிலேட்டும் ஹிக்கரிக் கோலும். திறந்தவெளிகளும் காற்றும் மிகுந்த இடத்துக்குப் பெட்டி. ஓயாத தூறலும் பனியும் உள்ள பிரதேசத்துக்கு, தேய்க்கச் சோம்பாதவரானால், கண்ணாடி. பருவம் முடிந்ததும் எதையும் வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் விட்டுவைக்காமல், சிமிழின் முகத்தை எண்ணெய் படாத மெத்தென்ற துணியால் மூடி, கோல்களைத் தனித்தனி உறையிலிட்டு, எது எந்தச் சிமிழுக்கு உரியது என்று கைப்பிடியில் எழுதி வைத்துவிட வேண்டும்.