வளையும் கூடும்

ஓர் உயிரின் இயல்பை அறியாது அதனைப் பேணுதல் அரிது. வேளை தவறாது இரையும் நீரும் இட்டுவிட்டால் கூட்டிலுள்ள பிராணிக்கு வேறொரு குறையும் இல்லை என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை வெள்ளெலியையும் அதன் இனத்தையும் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நம் நாட்டு வெள்ளெலி

கம்பம் பள்ளத்தாக்கின் நிலம் இருதிறத்தது. 1895-இல் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து இப்புறம் திருப்பப்பட்டதன் பின், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து நன்செய் செழித்தது. அந்நீர் எட்டாத மேட்டுப் புன்செய்களோ மழையை நம்பியே சோளமும் நிலக்கடலையும் தருவன. ஈரம் மிக்க வயல்வரப்பு வேறு எலிகட்கு உரியது. இத்தகைய உலர்ந்த புன்செய் மண்ணே வெள்ளெலிக்கு ஏற்ற இடமாம்.

இதன் முதுகு மணல் நிறம், வயிறு தூய வெண்மை, கண்கள் பெரியன, பின்கால்கள் நீண்டன, வால் உடலினும் நீண்டு நுனியில் கருங்குஞ்சம் உடையது. ஆய்வுக்கூடங்களிற் காணும் உடல் முழுதும் வெளுத்த எலி வேறு, இது வேறு. பகல் முழுதும் வளைக்குள் உறங்கி, இருட்டியபின் வெளிப்போந்து விதையும் வேரும் தளிரும் பூச்சியும் தின்னும். வளைக்கு வாயில்கள் பல. அவற்றுட் சிலவற்றை உதிர்மண்ணால் அடைத்து வைத்துக்கொள்ளும். சுரங்கம் வளைந்து சென்று ஓர் அறையில் முடியும். வெயிலின் கொடுமையும் பாம்பு, ஆந்தை முதலியவற்றின் அச்சமும் அவ்வறையில் குறையும்.

எலிகள் நம் முன்னோர் கண்ணுக்குத் தப்பியன அல்ல. புறநானூற்றின் 324-ஆம் பாட்டில் வேட்டுவச் சிறுவர் பருத்தி வேலியில் கருப்பை என்னும் எலியை எய்யக் காத்திருக்கின்றனர். நற்றிணையின் 83-ஆம் பாட்டில், இரவில் குழறாதிருந்தால் சுட்ட எலியிறைச்சியும் நெய்ச்சோறும் தருவதாகத் தோழி கூகைக்கு ஆசை காட்டுகின்றாள். இவ்விரு பாட்டிலும் எலி வேட்டைப்பொருள். அதனைக் கூட்டிலிட்டு வளர்த்தல் பிற்கால வழக்கம்.

கூட்டிற் புகுந்த உறவினம்

வெள்ளெலியின் உறவினங்கள் ஆசிய ஆப்பிரிக்க வறள்நிலங்களில் பல உள. அவற்றுள் மங்கோலிய வெள்ளெலியே உலகெங்கும் கூட்டில் வளர்க்கப்படுவது. சீன நாட்டில் தொண்டாற்றிய அர்மான் தாவீது என்னும் பாதிரியார் 1866-இல் இதனைக் கண்டு பாரிஸ் நகர்க்கு அனுப்ப, அடுத்த ஆண்டில் மில்ன் எட்வர்ட்ஸ் என்பார் அதற்குப் பெயரிட்டார். 1935-இல் பிடிக்கப்பட்ட சில இணைகளின் வழித்தோன்றல்கள் ஜப்பானில் வளர்ந்தன. அங்கிருந்து 1954-இல் அமெரிக்காவிற்குச் சென்றன. ஆய்வுக்கூடத்திற்கும் பின்னர் வீடுகட்கும் அவை பரவிய வரலாறு இதுவே.

இவை குடும்பமாக வாழ்வன, தனிமையை விரும்பா. ஆயினும், அறிமுகமில்லாத வளர்ந்த எலிகள் இரண்டினை ஒரு கூட்டில் திடீரென இட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் கூடும். அபாயம் உணர்ந்தால் பின்கால்களால் தரையைத் தட்டி ஏனையவற்றிற்கு அறிவிக்கும். மணலிற் புரண்டு மயிரின் எண்ணெய்ப்பசையைப் போக்கிக்கொள்ளும்.

தீராத தோண்டல்

கூட்டிலுள்ள இவ்வெலிகளிடம் ஒரு விந்தையான செயல் காணப்படும். கூட்டின் மூலையில் நின்று, ஒரு பயனுமின்றி, நெடுநேரம் முன்கால்களால் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். தோண்டுதற்கு மண் இல்லாமையே காரணம் என எவரும் கருதுவர். சுவிட்ஸர்லாந்தில் கிறிஸ்தோப் வீடன்மையர் என்னும் ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டார்.

அவர் சில குட்டிகட்குத் தோண்ட உலர்ந்த மணல் அளித்தார். அவற்றிடமும் அத்தீய வழக்கம் தோன்றிற்று. வேறு சிலவற்றிற்குச் செயற்கை வளை ஒன்று அமைத்துக் கொடுத்தார். அவை தோண்ட மண்ணின்றியும் அவ்வழக்கத்திற்கு ஆளாகவில்லை. அறை மட்டும் இருந்து, அதற்குச் செல்லும் சுரங்கம் இல்லாதவழி, வழக்கம் மீண்டும் தோன்றியது.

இதனாற் பெறப்படுவது யாது? எலி தோண்டுதல் தோண்டுதற் பொருட்டன்று. சுரங்கத்தின் முடிவில் ஓர் அடைக்கலம் பெறுதற்பொருட்டே. வயலில் வளை முற்றுப்பெற்றதும் ‘போதும்’ என்னும் குறிப்பு அதற்குக் கிடைக்கின்றது, ஓய்கின்றது. கூட்டில் அக்குறிப்பு ஒருநாளும் கிடைப்பதில்லை. ஆதலின் தோண்டலும் ஓய்வதில்லை. இரை நிறைந்திருந்தும் அவ்வெலி நிறைவு பெறவில்லை என்பது தெளிவு.

வளர்ப்போர் கடன்

ஆகவே, இவற்றை வளர்ப்போர் கொள்ளத்தக்கன சில கூறுவாம். ஒளி புகாத சிறு மண்கலயம் ஒன்றை அறையாக வைத்து, வளைந்த மண்குழாய் ஒன்றை அதன் வாயாகப் பொருத்துக. வைக்கோலும் காகிதத் துண்டுகளும் படுக்கைக்கு உதவும். மணற்குளியல் இன்றியமையாதது. பல் வாழ்நாள் முழுதும் வளருமாதலின் கொறிக்க மரத்துண்டு வேண்டும். சூரியகாந்தி விதையை விரும்பி உண்ணும். மிகுதியாக இட்டால் கொழுத்து நலியும். உலர்நிலத்து உயிராதலின் கூட்டில் ஈரம் தங்கலாகாது. வாலைப் பற்றித் தூக்குதல் ஒருபோதும் கூடாது. வாலின் தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

புன்செய்க் காட்டில் திரியும் நம் வெள்ளெலியைப் பிடித்து வளர்க்கலாமோ எனின், கூடாது என்பதே விடை. காட்டிற் பிறந்ததற்குக் கூடு எவ்வகையினும் சிறையே. அன்றியும், வயலெலிகள் தெள்ளுப்பூச்சி வழியே நோய் பரப்பக்கூடும். ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் இக்கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிளேக் நோயை ஆராய்ந்து 1934-இல் எழுதிய அறிக்கை, எலியும் மனிதனும் நெருங்கி வாழ்தலின் விளைவை இவ்வட்டாரம் அறிந்திருந்தமைக்குச் சான்றாம்.

1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம், அசைந்து திரியப் போதிய நீளமும் அகலமும் உயரமும் இல்லாத கூட்டில் பிராணியை அடைத்தல் குற்றம் என்கின்றது. சட்டம் நன்றே, எனினும் அஃது அளவையே கூறுகின்றது. எத்துணை அகன்ற கூடாயினும் வளையின்றேல் எலிக்கு அமைதி இல்லை என்பதை மேற்கண்ட சோதனை காட்டிற்று. அளவுகோலால் அறியலாகாத தேவையைக் கவனித்து அறிதலே வளர்ப்போனது அறிவு.

நம் ஆய்வுக்கூடங்களிலும் இல்லங்களிலும் கூட்டில் வாழும் உயிர்கள் தம் குறையைச் சொல்லமாட்டா, செய்கையாற் காட்டும். ஓயாது பிறாண்டும் எலியை ‘விளையாடுகின்றது’ என்று சிரித்துக் கடந்து செல்லாது, அது தேடுவது யாது என ஒரு கணம் நின்று எண்ணுவோமாக. உயிரை அடைத்து வைக்கும் உரிமையை மேற்கொண்டவன் அதன் வளையை அறிந்தபின்னரே கூடு செய்தல் வேண்டும்.